ஜார்ஜ் ஹாரிசனின் தனிப் பதிவுகள்: பம்பாயிலிருந்து மதராஸ் வரை

பீட்டில்ஸ் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான ஜார்ஜ் ஹாரிசன் (1943–2001) தன் பெயரில் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் 12. முதல் ஆல்பம் 1968-இல் வந்தது. கடைசி ஆல்பம் அவர் இறந்து ஓராண்டு கழித்து 2002-இல் வெளியானது. வங்கதேச அகதிகளுக்காக 1971-இல் நடந்த கச்சேரியும் 1991 ஜப்பான் பயணமும் மேடைப் பதிவுகளாக வந்தன. ராக் இசை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1970-இல் ஓர் உச்சி, அதன்பின் நீண்ட சரிவு, 1987-இல் ஒரு மீட்சி என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு. தீர்ப்பு முற்றிலும் தவறல்ல, பட்டியல்தான் அரைகுறை. ஹாரிசன் தயாரித்து, இசை அமைப்பை ஒழுங்குசெய்து, பின்னால் உட்கார்ந்து வாசித்து, அட்டையில் மற்றவர் பெயரைப் போட்ட பதிவுகள் பல உண்டு. அவற்றில் முக்கியமானவை இந்திய இசைப் பதிவுகள். அவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தால், அவருடைய கிட்டார் ஏன் அப்படி ஒலிக்கிறது, அவருடைய பாட்டு ஏன் அடிக்கடி பஜனைப் பக்கம் சாய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காது.

இந்திய இசையோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பில் கர்நாடகத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வட கர்நாடகத்தைச் சேர்ந்த அயன அங்காடி என்பவர் லண்டனில் குடியேறி, மனைவி பாட்ரீஷியாவுடன் சேர்ந்து ‘ஏஷியன் மியூசிக் சர்க்கிள்’ என்ற அமைப்பை நடத்திவந்தார். 1965 அக்டோபரில் ‘நார்வீஜியன் வுட்’ பாடலின் ஒலிப்பதிவின்போது ஹாரிசனின் சிதாரில் தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி தேடிய இடத்தில்தான் அங்காடியின் தொடர்பு கிடைத்தது. அந்த அமைப்பின் கலைஞர்கள் பிறகு பீட்டில்ஸ் பாடல்களிலேயே வாசித்தார்கள். 1966 ஜூனில் அங்காடி வீட்டில்தான் ஹாரிசன் சிதார் கலைஞர் ரவிசங்கரைச் சந்தித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் வந்து, ரவிசங்கரிடமும் அவருடைய சீடர் சம்பு தாஸிடமும் சில வாரங்கள் சிதார் பயின்றார். நாளெல்லாம் சாதகம் செய்தும் தன்னால் நல்ல சிதார் கலைஞராக முடியாது என்பது இரண்டே ஆண்டுகளில் அவருக்குத் தெரிந்துவிட்டது. 1968 வாக்கில் கிட்டாருக்கே திரும்பினார். ஆனால் சிதார் கற்றுக்கொடுத்த காது அவரோடு தங்கிவிட்டது. அவருடைய தனிப் பதிவுகளின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

முதல் ஆல்பமான ‘வண்டர்வால் மியூசிக்’ ஜோ மாசோ இயக்கிய ‘வண்டர்வால்’ படத்துக்கான பின்னணி இசை. பீட்டில்ஸ் உறுப்பினர் ஒருவர் தன் பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பம் இது. பீட்டில்ஸின் சொந்த இசைத்தட்டு நிறுவனமான ஆப்பிள் வெளியிட்ட முதல் ஆல்பமும் இதுதான். பாதி லண்டனிலும் பாதி 1968 ஜனவரியில் பம்பாய் எச்எம்வி ஸ்டுடியோவிலும் பதிவானது. பம்பாய்ப் பதிவுக்காக இரண்டு டிராக் பதிவுக் கருவி ஒன்றைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவர், கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்த இவர் பின்னாளில் அமெரிக்காவின் கேப்பிடல் நிறுவனத்துக்கே தலைவரானார். வாசித்தவர்களின் பெயர்கள் இன்று பார்த்தால் வியப்பளிக்கும்: சந்தூருக்கு சிவகுமார் சர்மா, புல்லாங்குழலுக்கு ஹரிபிரசாத் சௌராசியா, சரோதுக்கு ஆஷிஷ் கான், தபலாவுக்கு மகாபுருஷ் மிஸ்ரா. ஹாரிசன் இந்தப் பதிவில் பாடவே இல்லை. காட்சிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக இசையை வெட்டியிருக்கிறார். ஷெனாய் ஒலி அழுத்தமாக எழும் இடங்கள் நன்றாக இருக்கின்றன. ஒன்று சூடுபிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுவதுதான் குறை. ஆலாபனைக்குப் பழகிய காதுக்கு இது பந்தியில் உட்கார்ந்து ருசி மட்டும் பார்த்துவிட்டு எழுந்ததுபோல் இருக்கும்.

அதே பம்பாய் நாட்களில் பதிவான இன்னொரு இசைதான் ‘தி இன்னர் லைட்’ பாடலுக்குப் பின்னணி ஆனது. லண்டனில் குரல் சேர்க்கப்பட்டு 1968 மார்ச்சில் ‘லேடி மடோனா’ தட்டின் மறுபக்கமாக வெளிவந்தது. பீட்டில்ஸ் பெயரில் வந்தாலும் அதன் இசையை வாசித்தவர்கள் முழுக்க இந்தியக் கலைஞர்கள். இதை ஹாரிசனின் தனிப் பதிவுகளின் முன்னோடியாகக் கொள்வதில் தவறில்லை.

இரண்டாவது ஆல்பமான ‘எலக்ட்ரானிக் சவுண்ட்’ (1969) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அப்போது புதிதாக வந்திருந்த மூக் சின்தசைசரை வைத்துச் செய்த இரண்டு நீண்ட ஒலிக் கோவைகள். அவற்றில் ஒன்று தான் செய்துகாட்டிய செயல்விளக்கத்தின் பதிவு என்று மூக் கலைஞர் பெர்னி க்ராஸ் பின்னர் குறை சொன்னார். ஆராய்ச்சியாளர் தவிர மற்றவர்கள் ஒருமுறை கேட்டால் போதும். அதே ஆண்டில் ஹாரிசன் தயாரித்த வேறொரு தட்டு இதைவிட நெடுங்காலம் பேசப்பட்டது. லண்டன் ராதாகிருஷ்ணா கோயில் பக்தர்களை இஎம்ஐ ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பதிவுசெய்த ‘ஹரே கிருஷ்ண மந்திரம்’ பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. நாம சங்கீர்த்தனம் ஒன்று ராக் பாட்டுகளோடு போட்டியிட்டு மேலேறியது அதுவே முதல் முறை எனலாம். ஹார்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, கூட்டுக்குரல், மெல்ல ஏறும் காலம் ஆகியவை அதன் அமைப்பு. அடுத்த ஆண்டு உலகமெங்கும் ஒலித்த அவருடைய பாட்டுக்கும் எலும்புக்கூடு இதுவே.

1970 நவம்பரில் வந்த ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ மூன்று தட்டுகள் அடங்கிய பெட்டி. பீட்டில்ஸ் ஆல்பங்களில் லெனன்-மெக்கார்ட்னி பாடல்களுக்கு நடுவே ஹாரிசனுக்கு வழக்கமாக ஒன்றிரண்டு இடங்களே கிடைத்துவந்தன. ஆண்டுக்கணக்கில் தேங்கிய பாடல்கள் ஒரே நேரத்தில் மடை திறந்தன. ‘இஸன்ட் இட் எ பிட்டி’, ‘ஆர்ட் ஆஃப் டையிங்’ இரண்டும் 1966-லேயே உருவானவை. தலைப்புப் பாடலை 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகை பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். ‘வா-வா’ அதே மாதத்தில் மனக்கசப்போடு குழுவை விட்டு வெளியேறிய அன்று எழுதியது. எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரெஸ்டன், கிளாஸ் ஃபோர்மன், பேட்ஃபிங்கர் குழுவினர், பெடல் ஸ்டீல் கலைஞர் பீட் டிரேக் என்று பெரும் கூட்டம் வாசித்தது. தந்தி வாத்திய அமைப்பைச் செய்தவர் ஜான் பர்ஹம். இவரும் ரவிசங்கரோடு பணியாற்றியவர்.

இந்த ஆல்பத்தின் ஒலி பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. இணைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஒரே வாத்தியத்தை நாலைந்து பேரை வாசிக்கவைத்து, எதிரொலி அறையில் விட்டு, ஒலியை மதில்போல் எழுப்பியவர். ‘வா-வா’ பாட்டில் அந்த மதில் கேட்பவர் மீதே சரிகிறது. ஆனால் ‘பிவேர் ஆஃப் டார்க்னஸ்’, ‘ரன் ஆஃப் தி மில்’ போன்ற அடக்கமான பாடல்களில் ஹாரிசனின் மெல்லிய குரல் சுவரில் சாய்ந்து நிற்க இடம் கிடைத்தது. 2001 ஜனவரியில் மறுவெளியீடு செய்தபோது அந்த எதிரொலியைக் குறைத்துக் கேட்க ஆசை என்று ஹாரிசனே குறிப்பிட்டார். அவர் மகன் தானி மேற்பார்வையில் 2021-இல் வந்த புதிய கலவையில் குரல் முன்னுக்கு வந்திருக்கிறது. குரல் தெளிவாகியிருக்கிறது, பிரமாண்டம் கொஞ்சம் போய்விட்டது. முதன்முறை கேட்பவர் பழைய கலவையில் தொடங்குவதே நல்லது. மூன்றாவது தட்டான ‘ஆப்பிள் ஜாம்’ நண்பர்கள் கூடி வாசித்த வெட்டிப் பொழுது. அதைத் தவிர்த்தால் நட்டமில்லை. அமெரிக்காவில் ஆல்பம் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. பிரிட்டனில் 1971 தொடக்கத்தில் நடந்த அஞ்சல் வேலைநிறுத்தத்தால் கடைகளின் விற்பனைக் கணக்கு வந்து சேரவில்லை. அங்கும் அது முதலிடத்தில் இருந்தது என்பதை 2006-இல்தான் திருத்திப் பதிந்தார்கள்.

‘மை ஸ்வீட் லார்ட்’ தனியாகப் பேசவேண்டிய பாட்டு. பீட்டில்ஸ் பிரிந்தபின் அந்த நால்வரில் ஒருவரது தனிப்பாடல் முதலிடம் பிடித்தது இதுவே முதல் தடவை. பாட்டின் வித்தை பின்குரலில் இருக்கிறது. தேவாலயப் பாடகர் குழுபோல் ‘அல்லேலூயா’ என்று தொடங்கும் பின்குரல், பாதி வழியில் கேட்பவர் அறியாமலே ‘ஹரே கிருஷ்ணா’வுக்கு மாறுகிறது. அப்புறம் குருவைப் போற்றும் சமஸ்கிருத சுலோகமும் நுழைகிறது. மேற்கில் இதைத் துணிச்சல் என்றார்கள். கோலார் தங்கவயல் போன்ற ஊரில் இது அன்றாடம் காதில் விழும் கலவை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்த பிறகு அங்கே ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் கிளப்புகளும் நடன அரங்குகளும் எழுந்தன. வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் லைன் வீடுகளை ஒட்டி மாரியம்மன் கோயில்களும் தேவாலயங்களும் இருந்தன. மாரிக்குப்பத்தில் அயோத்திதாசர் வழிவந்த பௌத்த சங்கமும் இயங்கியது. ஞாயிறு காலைக் கீர்த்தனையும் மார்கழி பஜனையும் ஒரே தெருவின் இரு முனைகளிலிருந்து வரும் ஊர்களில் வளர்ந்த காதுக்கு, ஹாரிசனின் பின்குரல் மாற்றத்தில் திடுக்கிட ஒன்றுமில்லை. இரண்டுமே கூட்டாகப் பாடுபவை. இரண்டிலும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுகிறார்கள். ஹாரிசன் கண்டுபிடித்து ராக் தட்டில் ஏற்றியது இந்த ஒற்றுமையைத்தான்.

அந்தப் பாட்டே அவரை நீதிமன்றத்துக்கும் இழுத்தது. ‘ஹீஸ் ஸோ ஃபைன்’ என்ற 1963-ஆம் ஆண்டுப் பாடலின் மெட்டு இதில் இருப்பதாக, அதன் உரிமையாளரான பிரைட் டியூன்ஸ் நிறுவனம் 1971-இல் வழக்குத் தொடர்ந்தது. ரொனி மாக் எழுதி ஷிஃபான்ஸ் குழு பாடிய பாட்டு அது. வழக்கை விசாரித்த நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமே ஆப்பெரா இசையமைப்பாளர். சாட்சிக் கூண்டில் ஹாரிசன் கிட்டாரோடு விளக்கம் சொன்னார். இரண்டு சிறு சுரக்கோவைகள் இரு பாட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகின்றன என்று 1976-இல் தீர்ப்பானது. வேண்டுமென்று திருடவில்லை, ஆழ்மனத்தில் தங்கியிருந்தது வெளிவந்துவிட்டது என்றார் நீதிபதி. இழப்பீடு 15,99,987 டாலர் என்று கணக்கிடப்பட்டது. இதற்குள் ஹாரிசனின் பழைய மேலாளர் ஆலன் க்ளைன் பிரைட் டியூன்ஸின் உரிமையையே 5,87,000 டாலருக்கு வாங்கிவைத்திருந்தார். தன் கட்சிக்காரருக்கு எதிராகவே லாபம் பார்க்கக்கூடாது என்று 1981-இல் நீதிமன்றம் சொல்லி, அவர் கொடுத்த தொகையை மட்டும் பெற அனுமதித்தது.

தமிழ் மரபிலிருந்து பார்த்தால் இந்த வழக்கு விசித்திரமாகவே படும். நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் கிறிஸ்தவக் கீர்த்தனைகளிலும் தேசியப் பாடல் தொகுப்புகளிலும் ‘வர்ணமெட்டு’ என்று போட்டு, இன்ன பாட்டின் மெட்டில் பாடுக என்று தலைப்பிலேயே அச்சிடுவார்கள். ஊரறிந்த மெட்டாக இருந்தால்தான் கூட்டம் உடனே சேர்ந்து பாடும். பக்திப் பாட்டுக்குப் பழைய மெட்டு குறையல்ல, வசதி. ஆனால் தட்டு விற்பனையும் பதிப்புரிமையும் வந்த பிறகு அந்த வசதிக்கு விலை வந்துவிட்டது. ஹாரிசன் செய்தது பஜனைக்காரர் செய்வது, மாட்டிக்கொண்டது பாப் வியாபாரத்தின் சட்டத்தில். இழப்பை அவர் ‘திஸ் ஸாங்’ (1976) என்ற கிண்டல் பாட்டாக்கினார். எனினும் அந்த வழக்கு ஓடிய ஆண்டுகளில் பாட்டு எழுதவே தயங்கினார் என்பது அவரே சொன்னது.

வழக்கைவிட நிலைத்து நிற்கப்போவது அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் ஸ்லைடு கிட்டார். 1969 டிசம்பரில் டெலனி-பானி தம்பதியின் குழுவோடு சுற்றுப்பயணம் போனபோது ஸ்லைடு வாசிக்கத் தொடங்கினார். விரலில் மாட்டிய கண்ணாடி அல்லது உலோகக் குழாயைத் தந்தி மேல் வழுக்கவிட்டு வாசிக்கும் முறை அது. அமெரிக்க புளூஸ் கலைஞர்கள் அதில் உறுமலையும் அழுகையையும் கொண்டுவந்தார்கள். ஹாரிசனின் ஸ்லைடில் உறுமல் இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியை அவசரமில்லாமல் காட்டுகிறது. சேரவேண்டிய சுரத்தைத் தொட்டபின் ஒரு சின்ன அசைவோடு நிற்கிறது. இந்துஸ்தானியில் மீண்ட், கர்நாடக இசையில் ஜாரு எனப்படுவதை அப்படியே அவர் வாசித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. கட்டை வைத்து வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த உறவு உடனே பிடிபடும். குரல் பாடுவதைத் தந்தி பாடவேண்டும் என்பதே இரண்டிலும் நோக்கம். அத்துடன் அவர் ஸ்லைடு வரிகளைப் போகிறபோக்கில் வாசிப்பதில்லை. பாட்டுக்குள் பாட்டாக இசையமைத்து, பெரும்பாலும் இரண்டு கிட்டார்களை இணைச் சுரங்களில் அடுக்குவார். ராக் கிட்டாரில் கேட்ட மாத்திரத்தில் ஆளைச் சொல்லிவிடக்கூடிய ஒலிகளில் அதுவும் ஒன்று.

1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த இரண்டு காட்சிகளுக்கு ஏறத்தாழ 40,000 பேர் வந்தார்கள். ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் வங்கதேச அகதிகளுக்காக ஹாரிசன் ஏற்பாடு செய்த கச்சேரி அது. ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா ஆகியோர் முதலில் வாசிக்க, கமலா சக்ரவர்த்தி தம்புரா மீட்டினார். வாத்தியங்களைச் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்ட, சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்தபடி சொன்னதும் தட்டில் பதிவாகியிருக்கிறது. லாபம் யாருக்கு என்ற சச்சரவில் ஆல்பம் மாதக்கணக்கில் நின்றது. அப்போது கேப்பிடல் தலைவராக இருந்தவர் பம்பாய்க்குப் பதிவுக் கருவி கொண்டுவந்த அதே பாஸ்கர் மேனன். ஹாரிசன் தொலைக்காட்சியில் அவர் பெயரைச் சொல்லியே சாடினார். கடைசியில் ஆல்பம் வந்தது. 1973-இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது.

‘லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்’ (1973) ஸ்பெக்டரின் மதில் இல்லாமல் ஹாரிசன் பெரும்பாலும் தானே தயாரித்த ஆல்பம். ‘கிவ் மீ லவ்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தலைப்புப் பாட்டில் ராக் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடுவில் சிதாரும் ஜாகிர் ஹுசேனின் தபலாவும் வருகின்றன. உலகியல் பேசும் அடிகளுக்கு ராக், ஆன்மிகம் பேசும் அடிகளுக்கு இந்திய வாத்தியம் என்ற பிரிவினை கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான பாடல்களின் உரிமைத்தொகையை அவர் தொடங்கிய மெட்டீரியல் வேர்ல்ட் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். உபதேசம் அதிகம் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘பி ஹியர் நவ்’ போன்ற பாட்டில் உபதேசம் இல்லை, அமைதி இருக்கிறது. ஹாரிசனின் பக்திப் பாடல்கள் பிறருக்குச் சொல்லும்போது சோர்வு தருகின்றன. தனக்குத்தானே முணுமுணுக்கும்போது ஒட்டிக்கொள்கின்றன.

1974 அவருடைய வாழ்வில் பெரும் குழப்பமான ஆண்டு. தமிழ் வாசகருக்கு அதுவே அக்கறையான ஆண்டும்கூட. ‘டார்க் ஹார்ஸ்’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, முதல் வெளியீடுகளில் ஒன்றாக ‘சங்கர் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ ஆல்பத்தைத் தயாரித்தார். அதில் ரவிசங்கர் இயற்றிய கிருஷ்ண பக்திப் பாடலொன்றை ஆங்கிலத்தில் பாடியவர் லட்சுமி சங்கர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கந்தப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்று, உதய சங்கரின் நடனக் குழுவில் சேர்ந்து, பிறகு இந்துஸ்தானிப் பாடகியானவர் அவர். அந்தப் பாட்டுக்கு ஹாரிசன் செய்த ஏற்பாடு முழு பாப் ஒலி. லட்சுமி சங்கரின் குரல் மட்டும் தன் கமகங்களை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கோடையில் ரவிசங்கர் இந்தியாவிலிருந்து ஒரு வாத்தியக் குழுவையே அழைத்துவந்தார். லட்சுமி சங்கர், வயலினுக்கு எல். சுப்பிரமணியம், மிருதங்கத்துக்கும் பாட்டுக்கும் டி.வி. கோபாலகிருஷ்ணன், விசித்திர வீணைக்குக் கோபால் கிருஷ்ணன் என்று தென்னகமும் வடக்கும் ஒன்றாக உட்கார்ந்தன. இளையராஜா கர்நாடக இசை கற்றுக்கொண்டது இந்த டி.வி. கோபாலகிருஷ்ணனிடம்தான். ஹாரிசன் தன் ஃபிரையர் பார்க் மாளிகையில் இவர்களைப் பதிவுசெய்த இசை விழா ஆல்பம் 1976-இல் வெளியானது. இந்திய வாத்திய விருந்தம் எப்படி ஒலிக்க முடியும் என்பதற்கு இன்றும் நல்ல சான்று அது. கலைஞர்களின் இடத்தில் ஹாரிசன் குறுக்கே வரவில்லை என்பது தயாரிப்பாளராக அவருக்குக் கிடைக்கவேண்டிய பாராட்டு.

இந்தக் குழுவையும் கூட்டிக்கொண்டுதான் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வட அமெரிக்கா சென்றார். பீட்டில்ஸ் பிரிவுக்குப் பின் அந்நால்வரில் ஒருவர் அங்கே நடத்திய முதல் சுற்றுப்பயணம். தொண்டை கட்டிப்போய்க் குரல் கரகரத்தது. ரசிகர்கள் பழைய பீட்டில்ஸ் பாட்டு கேட்டார்கள், கிடைத்தது இந்திய இசையும் வரி மாற்றிய பாட்டுகளும். சிகாகோவில் ரவிசங்கருக்கு மாரடைப்பு வந்தது. அவர் இல்லாத நாட்களில் குழுவை நடத்தியவர் லட்சுமி சங்கர். அவசரத்தில் முடித்த ‘டார்க் ஹார்ஸ்’ ஆல்பத்திலும் அதே கட்டிய குரல்தான். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்று கேட்டால் ‘சோ சாட்’, ‘ஃபார் ஈஸ்ட் மேன்’ இரண்டும் தேறுகின்றன. விருந்தாவனப் பயணத்தில் பிறந்த ‘இட் இஸ் ஹீ’ உற்சாகமான நாமாவளி.

அடுத்த சில ஆல்பங்களை விரைவாகக் கடக்கலாம். ‘எக்ஸ்ட்ரா டெக்ஸ்சர்’ (1975) சோர்ந்த மனத்தின் பதிவு. ‘தர்ட்டி த்ரீ அண்ட் எ தேர்ட்’ (1976) தட்டு சுழலும் வேகத்தையும் அவருடைய வயதையும் சேர்த்துப் பெயரானது. மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்து வந்தவரின் கலகலப்பு அதில் இருக்கிறது. பரமஹம்ச யோகானந்தருக்குக் காணிக்கையான ‘டியர் ஒன்’ பாட்டும் இதில்தான். 1979-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வந்த ஆல்பத்துக்கு விமர்சகர்கள் கொடுத்த இடம் குறைவு. அவருடைய வாசிப்பு மிக இயல்பாக அமைந்தது அதில்தான் என்பது என் கணிப்பு அல்ல, அதன் ‘யுவர் லவ் இஸ் ஃபாரெவர்’ பாட்டைக் கேட்கும் எவரும் ஒப்புக்கொள்ளக்கூடியது. முந்தைய ஆண்டு மகன் பிறந்திருந்தான். தைவதம், நிஷாதம் என்ற இரு சுரங்களின் எழுத்துகளைச் சேர்த்து ‘தானி’ என்று பெயர் வைத்தார்.

‘சம்வேர் இன் இங்கிலாந்து’ (1981) ஆல்பத்தின் முதல் வடிவத்தை விற்பனைக்கு உதவாது என்று வார்னர் நிறுவனம் திருப்பி அனுப்பியது. நான்கு பாடல்களை எடுத்துவிட்டு வேறு எழுதிச் சேர்த்தார். அதற்குள் 1980 டிசம்பரில் ஜான் லெனன் கொல்லப்பட்டார். நண்பருக்கான அஞ்சலி ‘ஆல் தோஸ் இயர்ஸ் அகோ’ வெற்றி பெற்றது. ரிங்கோவும் மெக்கார்ட்னியும் அதில் பங்கேற்றார்கள். ‘கான் ட்ரோப்போ’ (1982) ஆல்பத்துக்கு அவரே விளம்பரம் செய்யவில்லை. அது அமெரிக்கப் பட்டியலில் 108-ஆம் இடத்தோடு நின்றது. ஐந்தாண்டு தோட்டவேலைக்கும் சினிமாத் தயாரிப்புக்கும் பிறகு, தயாரிப்பாளர் ஜெஃப் லின்னோடு சேர்ந்து ‘கிளவுட் நைன்’ (1987) செய்தார். ரூடி கிளார்க் எழுதிய பழைய பாட்டான ‘காட் மை மைண்ட் செட் ஆன் யூ’ 1988 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மீட்சி என்று எல்லோரும் கொண்டாடிய அந்த ஆல்பத்தில் சிறந்தது அந்தப் பாட்டு அல்ல, தலைப்புப் பாட்டில் ஹாரிசனும் கிளாப்டனும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசிக்கும் கிட்டார். ஜெஃப் லின்னோடும் டிலன், டாம் பெட்டி, ராய் ஆர்பிசன் ஆகியோரோடும் சேர்ந்து அமைத்த டிராவலிங் வில்பரீஸ் (1988) குழுவில், பெயரை மறைத்துக்கொண்டு பாடும் சுகத்தை மறுபடி கண்டார்.

பெயரை மறைத்துக்கொண்ட பதிவுகளில் உயர்ந்தது 1997-இல் வந்தது. ரவிசங்கரின் ‘சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா’ 1996-இன் முதல் மாதங்களில் மதராஸிலும், பிறகு ஃபிரையர் பார்க்கிலும் பதிவானது. மதராஸ் சென்னை என்று பெயர் மாறியதும் அதே ஆண்டுதான். தயாரிப்பாளர் ஹாரிசன். வேத மந்திரங்களையும் உபநிடத சாந்தி மந்திரங்களையும் கீதையையும் எடுத்துக்கொண்டு, சிலவற்றை மரபுப்படியே ஓதவைத்து, சிலவற்றுக்கு ரவிசங்கர் புதிதாக இசையமைத்தார். மேற்கத்திய மெருகு போட்டால் வேத கோஷம் கெட்டுவிடும், வெறும் கோஷமாக விட்டால் வெளியுலகம் கேட்காது என்ற இக்கட்டை ஹாரிசன் கையாண்ட விதம் பாடமாக வைக்கத் தக்கது. ஆட்டோஹார்ப், விப்ரஃபோன், கிட்டார் எல்லாம் வாசித்திருக்கிறார். ஆனால் தேடிப் பிடித்தால்தான் காதில் விழும். குரல்களைச் சுற்றி வெற்றிடம் விட்டிருக்கிறார். ஸ்பெக்டரிடம் கற்றதை முழுவதுமாக மறந்துவிட்ட ஒருவரின் வேலை இது. ‘பிரபுஜி’ பாட்டில் தம்புராவுக்கும் கூட்டுக்குரலுக்கும் நடுவே மிதக்கும் அமைதிக்கு ஈடாக அவருடைய ராக் ஆல்பங்களில் ஒன்றிரண்டு இடங்களையே காட்ட முடியும். ஆனால் ஹாரிசன் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் நூல்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரவிசங்கரின் கணக்கிலும் இது ஓரத்து வெளியீடாகவே தங்கிவிட்டது.

அதே காலத்தில் ஹாரிசனுக்குப் புற்றுநோய் கண்டது. 1999 டிசம்பரில் வீட்டுக்குள் புகுந்த ஒருவன் கத்தியால் குத்தினான். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பதிவுசெய்துவந்த பாடல்களை முடிக்க வேண்டிய முறையைக் குறிப்பாகச் சொல்லிவிட்டு 2001 நவம்பர் 29-இல் இறந்தார். தானியும் ஜெஃப் லின்னும் முடித்துக்கொடுத்த ‘பிரெய்ன்வாஷ்ட்’ 2002 நவம்பரில் வந்தது. இறந்தவரின் ஆல்பம் என்ற சலுகை இதற்குத் தேவையில்லை. வார்த்தைகளில் குறும்பு, கிட்டாரில் தெளிவு. ‘மார்வா புளூஸ்’ பாட்டில்லாத ஸ்லைடு இசை. பொழுது சாயும் வேளைக்குரிய மார்வா ராகத்தின் பெயரைத் தாங்கியது. பஞ்சமம் இல்லாத அந்த ராகத்துக்குக் கர்நாடக இசையில் கமனாச்ரமத்தின் சுரங்கள், அதாவது பூர்வி கல்யாணிக்குத் தாயான மேளத்தின் சுரங்கள், நெருக்கமானவை. ஹாரிசன் வாசித்திருப்பது ராக இலக்கணத்துக்குள் அடங்கும் ஆலாபனை அல்ல. அந்த வேளையின் மனநிலையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கற்றுக் கைவிட்ட சிதார், ஸ்லைடு கிட்டாராக இங்கே நிறைவு பெறுகிறது. 2004-இல் இதற்குச் சிறந்த பாப் வாத்திய இசைக்கான கிராமி கிடைத்தது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு உலகத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு, பார்வதி பதியை அழைக்கும் நாம முழக்கத்தில் முடிகிறது. நம் பஜனை மடங்களில் பூசை முடிவில் எழும் அதே முழக்கத்தைத் தகப்பனும் மகனும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள்.

ஹாரிசனைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் 12 ஆல்பங்களையும் வரிசையாக வாங்கவேண்டியதில்லை. ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ முதல் இரண்டு தட்டுகள், 1976-இல் வந்த ரவிசங்கரின் இசை விழா ஆல்பம், 1979 ஆல்பம், ‘சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா’, ‘பிரெய்ன்வாஷ்ட்’ ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் கேட்டால் போதும். மற்றவை பிடித்துப்போனவர்களுக்கு.